அதுவும் ரத்தம்தான்

என் கணவரின் அண்ணன் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருவொற்றியூரில் மாமனார் கட்டிய வீட்டில் கீழே அவளும், நான் மாமா என்று கூப்பிடுகிற அவள் கணவரும், மாடியில் நாங்கள். ஓரகத்தி என்றாலே சண்டைதான் என்று எங்கள் வியாசர்பாடித் தெருவில் என்னைப் பயமுறுத்தித்தான் கட்டிக்கொடுத்து அனுப்பினார்கள். சண்டையும் போட்டிருக்கிறோம், இல்லையென்று சொல்லவில்லை. மொட்டைமாடிக் கொடியில் யார் துணி முதலில் என்று போட்டிருக்கிறோம். மோட்டாரை அணைக்க மறந்தது யார் என்று போட்டிருக்கிறோம். ஆனால் அந்த வீட்டில் எனக்கு வாய்த்த ஒரே சிநேகிதி அவள்தான்.

அக்கா டிபன் கடை வைத்திருந்தாள். எண்ணூர் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற ரோட்டோரத்தில் ஒரு தள்ளுவண்டி, மேலே நீலத் தார்ப்பாய், இரண்டு பெஞ்சு. இட்லி, கறி தோசை, மதியத்தில் மீன் குழம்பு. எந்தெந்த ஊரிலிருந்தோ வரும் டிரைவர்கள் வரிசை நகர்ந்துவிடுமோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். "மெதுவா துன்னுபா, துறைமுகம் எங்கியும் ஓடிடாது" என்பாள். மொழி தெரியாதவன்கூடச் சிரிப்பான். மாமாவும் டேங்கர் லாரி ஓட்டுகிறவர்தான். மணலியிலிருந்து கிளம்பினால் திரும்பிவர இரண்டு மூன்று நாள் ஆகும். நான் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் பில் போடுகிற வேலையில் இருந்தேன், இப்போதும் இருக்கிறேன்.

அவளுக்குப் பேச்சில் கூச்சம் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குத் தேதி வந்தபோது யாரிடம் கேட்பது என்று தெரியாமல் பின்கட்டில் நின்றுகொண்டிருந்தேன். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாமே, டேட்டா? அதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற? என் பீரோல கீது, போயி எட்த்துக்கோ."

அப்போது மாமனார் உயிரோடு இருந்தார், கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பர் ஒரு அங்குலம் உயர்ந்து அவர் முகத்தை மறைத்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அதற்குப் பிறகு என் தேதி அவளுக்குத் தெரியும், அவள் தேதி எனக்குத் தெரியும். எனக்கு வயிற்றுவலி என்றால் மாடிக்கே காப்பி வரும். அவளுக்கு இடுப்பு விட்டுப்போகிற நாட்களில் நான் மாவு அரைத்துக் கொடுத்துவிட்டு ஆபீஸ் போவேன். இவ்வளவு வெளிப்படையாக இருந்த எங்களுக்குள்தான் அது நடந்தது. அதை நினைக்கும்போதுதான் மனசு ஆறமாட்டேன் என்கிறது.

ஐம்பது வயதைத் தொடுகிற சமயத்தில் அவளுக்கு மாதவிலக்கு தாறுமாறாகிவிட்டது. வந்தால் கொட்டும், இல்லையென்றால் இரண்டு மூன்று மாதம் எட்டிப் பார்க்காது. பிறகு ஒரேயடியாக நின்றுவிட்டது. ஒரு வருஷத்துக்கு மேல் பார்த்துவிட்டு, ஒருநாள் மாடி ஏறி வந்து, பாதி மிச்சமிருந்த நாப்கின் பாக்கெட்டை என் மடியில் போட்டாள்.

"இந்தா, நீயே வச்சிக்கோ. நம்ம கடைய மூடியாச்சு."

மறுநாள் டிபன் கடையில் இட்லியோடு எல்லோருக்கும் கேசரி. என்ன விசேஷம் என்று கேட்ட டிரைவரிடம், "எங்க வூட்டு விசேசம்பா, கேக்காம துன்னு" என்றாளாம். அன்று சாயங்காலம் அதைச் சொல்லிச் சொல்லி, இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி ஊறவைக்கப் பின்கட்டு பாத்ரூமுக்குப் போனேன். இரண்டு குடும்பத்துக்கும் அது ஒன்றுதான். பக்கெட்டில் அக்காவின் சந்தன நிறப் பாவாடை ஊறிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பழுப்புக் கறை.

"அக்கா, பாவாடைல இன்னாக்கா கறை?" என்று கேட்டேன்.

அடுப்பங்கரையிலிருந்தே பதில் வந்தது. "போர் தண்ணிதான், வேற இன்னா? இந்தத் தண்ணில தோச்சா எந்தத் துணி உருப்பட்டுக்கீது?"

எங்கள் பகுதிப் போர் தண்ணீரைத் தெரிந்தவர்களுக்கு அது நியாயமான பதில். பிடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் வைத்திருந்தால் மஞ்சள் தட்டும். என் கணவரின் பனியன்கள் எல்லாம் டீயில் முக்கியெடுத்த நிறம்தான். ஆனால் தண்ணீரால் வருகிற பழுப்பு துணி முழுக்கப் பரவும். ஒரே இடத்தில் திட்டாக நிற்காது. இது அன்றைக்கே எனக்குத் தோன்றியது. அவளே தண்ணீர் என்று சொல்லிவிட்ட பிறகு நான் என்னத்தைத் துருவுவது என்று என் துணியை வேறு பக்கெட்டில் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சில வாரங்கள் கழித்து, கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது அவளே ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எனக்குத் திரும்பிப் படுது."

"இன்னாக்கா சொல்ற? எப்பலேர்ந்து?"

"அப்பப்போ. செவப்பா இல்ல. காப்பி டிகாசன் மாதிரி. ரெண்டு நாளு பட்டுட்டு நின்னுடுது."

பக்கத்து மாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்த பூக்காரம்மா காதில் இது விழுந்துவிட்டது. கைப்பிடிச் சுவரோரம் வந்து நின்றாள். "அய்ய, இதுக்குப்போயி பயப்படறியா? எனக்கும் இப்டித்தான் வந்துச்சு. நாள்முச்சூடும் அடுப்பாண்ட நின்னுகினே கீற, சூடு. செவப்பா வந்தாத்தான் பேஜாரு. இது உள்ள தங்கிக் கெடந்த பழைய அழுக்கு. வெளிய வர்றது நல்லதுதான்."

எனக்கும் அது சரியென்றே பட்டது. மாதாமாதம் கடைசி நாளில் எனக்கே பழுப்பாகத்தானே வருகிறது, அதற்கு நான் என்றைக்காவது பயந்திருக்கிறேனா? "எனக்கும் கடைசில அந்தக் கலருதாங்க்கா" என்று நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று பெண்கள், மூவரும் வருஷக்கணக்காக மாதவிலக்கைப் பார்த்தவர்கள், ஒரு நிறத்தை வைத்து முடிவு செய்துவிட்டோம்.

அக்கா வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தாள். கறை நின்றது. "பாத்தியா, சூடுதான்" என்றாள். ஒன்றரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. மறுபடி வெந்தயம், மறுபடி நின்றது. விடாமல் வந்திருந்தால் ஒருவேளை பயந்திருப்போம். அது விட்டுவிட்டு வந்தது. நின்றுபோகிற ஒவ்வொரு முறையும் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

அப்புறம் ஒருநாள் மாலை. ஆபீஸிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அக்கா வாசற்படியில் குளித்து முடித்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தெல்லாம் பவுடர். கொஞ்ச நாளாகவே அவள் சாயங்காலமும் குளிக்கிறாள், பவுடரை அள்ளிப் பூசிக்கொள்கிறாள் என்று கவனித்திருந்தேன். கடை வேலைக் கசகசப்பு என்று நினைத்திருந்தேன்.

"ஏண்டி, ஒனக்கு எதுனா நாறுதா?" என்று கேட்டாள்.

மேற்கிலிருந்து காற்றடித்தால் மணலி ஆலைகளிலிருந்து எங்கள் தெருவுக்கு எப்போதும் ஒரு வாடை வரும். அழுகிய முட்டை மாதிரி. தொண்டை கமறும். "ஆமாக்கா, மணலிக் காத்து. ஆபீஸ்லயே தலைவலி" என்றேன்.

"அதான பாத்தேன்" என்றாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன். காற்றைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்து மாடி ஏறிப் போய்விட்டேன். அவள் கேட்டது காற்றைப் பற்றி அல்ல.

மழை தொடங்குகிற சமயம் அவள் மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் தாழ்ந்திருந்தது. "இப்ப காப்பி கலரு இல்லடி. மீன் கழுவுன தண்ணி மாதிரி வருது. துணி வைக்காம வெளிய போவ முடியல."

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க்கா, நான் லீவு போடறேன்" என்றேன். சரி என்றாள். அந்த வாரம்தான் மழை பிடித்துக்கொண்டது. முழங்கால் உயரத்துக்கு வீட்டுக்குள் தண்ணீர். கீழ்வீட்டுச் சாமான்களையெல்லாம் மாடிக்கு ஏற்றினோம், அவளும் மாமாவும் எங்களோடு வந்து தங்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் சேற்றை வாரி, பீரோவைக் கழுவி, தள்ளுவண்டியின் சக்கரத்தைச் சரிபார்த்து, கடையைத் திரும்ப நிமிர்த்துவதற்குள் தை பிறந்துவிட்டது. நடுவில் நான் இரண்டு முறை ஞாபகப்படுத்தினேன். "வண்டி வெல்டிங் முடியட்டும்" என்றாள். பிறகு "இப்ப பரவால்ல" என்றாள். என் மகளுக்குப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்ற சொல் எனக்கும் வசதியாக இருந்தது.

மாசி மாதம் ஒரு காலையில், கடைக்குப் பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவர் எனக்கு போன் செய்தார். "உங்கக்கா உக்காந்துட்டாங்கோ. கூப்ட்டா ஏந்துக்க மாட்றாங்கோ. நீங்களே வாங்கோ."

ஓட்டமும் நடையுமாகப் போனேன். அக்கா கவிழ்த்துப்போட்ட பால் கிரேட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள். முகம் சாம்பல் பூத்திருந்தது. புடவைப் பின்பக்கம் முழுக்க நனைந்திருந்தது, கிரேட்டுக்குக் கீழே மண்ணிலும் சிவப்பு. எழுந்தால் எல்லோரும் பார்ப்பார்கள் என்பதற்காக அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வடநாட்டு டிரைவர்கள் தார்ப்பாயின் ஒரு ஓரத்தைக் கழற்றித் திரை மாதிரி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை. துப்பட்டாவை அவள் இடுப்பில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன்.

"சாம்பார் அடுப்புல கீதுடி" என்றாள்.

"பஞ்சர்காரரு எறக்கி வச்சிட்டாருக்கா."

"நெறையா கட்டி கட்டியா வந்துச்சு. பயமா கீது." அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அதற்குமுன் நான் கேட்டதில்லை.

ராயபுரம் தாண்டி இருக்கிற அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். உடனே படுக்கவைத்து, ரத்தப்போக்கை அடக்க மருந்து கொடுத்து, ரத்தமும் ஏற்றினார்கள். கொஞ்சம் தெளிந்தபின் ஒரு பெண் டாக்டர் வந்து கட்டிலோரம் நின்றார். என் வயதுதான் இருக்கும். அவசரமில்லாமல் பேசினார்.

"பீரியட்ஸ் நின்னு எவ்வளவு நாளாச்சும்மா?"

"அது ஆச்சு டாக்டரு, மூணு வருசத்துக்கு மேல."

"நின்னதுக்கு அப்புறம் ரத்தம் முதல்ல எப்ப பட்டுச்சு?"

"இன்னிக்குத்தான்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். "இல்ல டாக்டர், ஒரு வருஷமா அப்பப்போ படுது" என்றேன்.

"அது ரத்தம் இல்லம்மா," என்று அக்கா டாக்டருக்கு விளக்கினாள். "காப்பி கலருல ஒரு அழுக்கு. அப்பாலிக்கா மீன் கழுவுன தண்ணி மாதிரி. ரத்தம் இன்னிக்குத்தான் வந்துச்சு."

டாக்டர் கையிலிருந்த சீட்டைக் கட்டிலில் வைத்தார். பிறகு, "அதுவும் ரத்தம்தாம்மா" என்றார். "உள்ளேயே தங்கி மெதுவா வந்தா பழுப்பா, காப்பி கலரா மாறிடும். தண்ணியோட கலந்து வந்தா ரோஸா தெரியும். வேகமா வந்தா சிவப்பு. எல்லாம் ஒண்ணுதான்."

"எனக்கும் மாசாமாசம் கடைசில பழுப்பாத்தான் வரும், அதனாலதான் நாங்க..." என்று நான் இழுத்தேன்.

"உங்களுக்கு அது சாதாரணம். மாதவிலக்கு ஆரம்பிக்கும்போதும் முடியும்போதும் பழுப்பா வரலாம், நடுவுல சிவப்பா, கருஞ்சிவப்பா வரலாம். அதுக்குப் பயப்பட வேண்டாம். கலரை மட்டும் வச்சு எதையும் சொல்ல முடியாது. எப்ப வருதுன்னு பாக்கணும். முழுசா ஒரு வருஷம் நின்னுபோனதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும், அது எந்தக் கலர்ல இருந்தாலும், வந்து காட்டணும். நிறைய பேருக்கு சின்னக் காரணமாத்தான் இருக்கும். ஆனா அதைப் பரிசோதனை பண்ணிட்டுத்தான் சொல்லணும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பைக்குள்ளிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையின் உட்சுவரில் புற்றுநோய் என்று முடிவு வந்தது. சுவரைத் தாண்டி வெளியேயும் போயிருந்தது. முதலிலேயே வந்திருந்தால் ஆபரேஷனோடு முடிந்திருக்க வாய்ப்பு உண்டு என்று நாங்கள் கேட்டதற்குத்தான் சொன்னார்கள், அவர்களாகச் சொல்லவில்லை. ஆபரேஷன் நடந்தது. அதன்பின் ஊசி மருந்து, கரண்ட் வைத்தியம் என்று சொல்கிற கதிர்வீச்சு. அக்காவின் முடி கொட்டியது. "செலவு மிச்சம், சீப்பு வாங்க வாணாம்" என்றாள். கொஞ்ச நாள் கடைக்கும் போனாள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து தோசை ஊற்ற வேலைக்கு வைத்த பெண்ணை அதட்டிக்கொண்டிருப்பாள். பிறகு அதுவும் முடியாமல் போயிற்று.

வைத்தியத்துக்கு மின்சார ரயிலில் போவோம். பேசின் பிரிட்ஜ் வந்தால் சென்ட்ரலுக்குள் விட இடமில்லாமல் ரயில் நிற்கும். எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி நின்ற ஒருநாள், ஜன்னல் வழியாக யார்டில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"அன்னிக்கு ஒன்னாண்ட கேட்டேன், ஞாபகம் கீதா? எதுனா நாறுதான்னு."

"எப்பக்கா?"

"நீ மணலிக் காத்துன்ன. எம்மேலதான் நாறுதோன்னு எனக்கு சந்தேகம். ஒனக்கும் நாறுதுன்னதும் அப்ப காத்துதான்னு நெனச்சிகினேன். எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா."

"நேரா சொல்லிருக்கலாமே அக்கா" என்று மட்டும் கேட்டேன்.

"டேட்டு, நாப்கினு எல்லாம் பேசிடலாம்டி. நாறுதுன்னு எப்டி சொல்றது? கலீஜா இருக்காதா? அதும் நீ ஆபீஸ்லேர்ந்து அலுத்து வந்து நின்னுகினு கீற." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "பரவால்ல வுடு" என்றாள். ரயில் நகர்ந்தது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊசி குத்திக் குத்தி அந்தக் கை நீலம் பாரித்திருந்தது. பரவாயில்லை என்று அவள் சொன்னது என்னைத் தேற்றுவதற்காக என்று இருவருக்கும் தெரியும்.

அடுத்த பொங்கலுக்கு அவள் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிப்போன பிறகு, ஒரு மத்தியானம் மாமாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு கீழே போனேன். அவர் பீரோவைத் திறந்துவைத்து அக்காவின் புடவைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கிக்கொண்டிருந்தார். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். திடீரென்று என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஒனக்கு முன்னாடியே தெரியுமாம்மா?"

என் கணவரின் அண்ணனோடு நான் அதுவரை சாப்பாடு, மழை, மகளின் படிப்பு தவிர வேறு பேசியதில்லை. பொய் சொல்லவும் மனசு வரவில்லை. "கறைய பாத்தேன் மாமா. போர் தண்ணின்னு சொன்னாங்க. அப்பறம் அவங்களே சொன்னாங்க. இவ்ளோ பெருசுன்னு எனக்குத் தெரில" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஒரு புடவையை மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"நானும் பாத்தேன்" என்றார். "பெட்சீட்ல. ரெண்டு மூணு தபா. பொம்பளைங்க சமாச்சாரம், நாம இன்னாத்த கேக்கறதுன்னு வுட்டுட்டேன். வண்டில ஒரு சொட்டு ஆயில் ஒழுவுனா எறங்கிப் பாக்கறவன் நானு."

நான் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அவளைத் தவிர மூன்று பெரியவர்கள் இருந்தோம். என் கணவருக்கு மட்டும்தான் எதுவும் தெரியாது. தெரிந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் தெரிந்துவைத்திருந்தோம். ஒருவரிடம் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாராவது ஒருவர் அவளை இழுத்துக்கொண்டு போயிருப்போம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து என் முறை வந்தது. எனக்கு நாற்பத்தாறு முடிந்திருந்தது. மாதவிலக்கு வழக்கம்போல வந்துகொண்டிருந்தது, ஆனால் இரண்டு தேதிக்கு நடுவிலும் துளித்துளியாகப் பட ஆரம்பித்தது. நல்ல சிவப்பு. அடுத்த மாதம் தேதி வந்தபோது, ஆபீஸுக்குப் போய்ச் சேர்வதற்குள் நாப்கின் நனைந்தது, கட்டிகளும் போயின. முன்பு என்றால் வேலைப்பளு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். அன்று சாயங்காலமே என் கணவரிடம் சொன்னேன். மகளிடமும் சொன்னேன். அவள் கல்லூரிக்குப் போகிறவள். "நாளைக்கே போம்மா" என்றாள்.

படிக்கட்டில் நாங்கள் பேசிக்கொண்டது கீழே கேட்டிருக்க வேண்டும். மறுநாள் காலை மாமா சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டேங்கருக்குப் போகவில்லை.

"நீ வேலைக்குப் போ, நான் இட்டுகினு போறேன்" என்று தம்பியிடம் சொன்னார்.

"இல்லண்ணா, நானும் லீவு..."

"அப்ப ரெண்டு பேரும் வர்றோம். கெளம்பும்மா."

அதே ஆஸ்பத்திரிதான். பெண்கள் நோய்ப் பிரிவின் வாசலில் கர்ப்பிணிகளுக்கும் மாமியார்களுக்கும் நடுவே, அண்ணன் தம்பி இருவரும் பெஞ்சின் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். மாமா காக்கிச் சட்டையில் இருந்தார். வேறு ஆண்கள் எல்லோரும் கேட்டுக்கு வெளியே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் எழுந்து போகவில்லை.

உள்ளே வேறொரு டாக்டர். நான் எதையும் மறைக்காமல், எந்த நிறம், எப்போது, எவ்வளவு, கட்டி எந்த அளவு, வாடை உண்டா இல்லையா என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாடை என்ற சொல்லைச் சொல்லும்போது கொஞ்சம் தடுமாறினேன். டாக்டருக்கு அது ஒரு சொல், அவ்வளவுதான். தலைநிமிராமல் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனார். "நடுவுல பட்டதுக்கே வந்தீங்களே, நல்லது" என்றார். ஸ்கேனில் கர்ப்பப்பைக்குள் ஒரு சின்னச் சதை வளர்ச்சி தெரிந்தது. வேறொரு நாள் வரச் சொல்லி, மயக்க மருந்து கொடுத்து, குழாய் விட்டுப் பார்த்து அதை எடுத்தார்கள். காலையில் போனவள் மாலையில் வீட்டுக்கு வந்துவிட்டேன். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கெட்டது எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை வாங்கப் போன நாளிலும் மாமா வந்திருந்தார். நான் வெளியே வந்தபோது பெஞ்சிலிருந்து எழுந்தார்.

"இன்னா சொன்னாங்கோ?"

"ஒண்ணும் இல்ல மாமா. சாதாரணச் சதைதானாம். எடுத்தாச்சு, அவ்ளோதான்."

"மருந்து? கரண்டு?"

"எதுவும் வேணாமாம். மறுபடி பட்டா மட்டும் வரச் சொன்னாங்க."

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். சந்தோஷப்படத்தான் முயற்சி செய்தார், அது எனக்குத் தெரிந்தது.

"அவ்ளோதானா?" என்றார். "இவ்ளோ சீக்கிரம் முடிஞ்சிடுமா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டே வாசலைப் பார்த்து முன்னால் நடந்தார். நான் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் போனேன்.